வண்டிச்சத்தம் யார் கொடுப்பது?

அப்பாவின் பழைய கணக்கு நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. 1978, 79ஆம் வருஷத்து வீட்டுச் செலவு. அரிசி, மண்ணெண்ணெய், பள்ளிக்கூட ஃபீஸ் என்று போகும் பக்கங்களில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை இரண்டு வரிகள் ஜோடியாக வரும். ‘டாக்டர் 10’. அதற்குக் கீழே ‘வண்டிச்சத்தம் 3’. அப்பத்தா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையோடு கிடந்த காலம் அது. எங்களுடையது சிவகங்கைப் பக்கம் ஒரு சின்ன ஊர். டாக்டர் நாலு மைல் தள்ளி டவுனில் இருந்தார். முதல் நாளே சொல்லிவைத்துக் குதிரைவண்டியை அனுப்பினால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கம்பவுண்டர் முன்னால் இறங்குவார், டாக்டர் பின்னால் இறங்குவார்.

கூடத்தில் அவருக்கென்று ஒரு நாற்காலி. கை கழுவச் செம்பில் வெந்நீர், உறை பிரிக்காத லைஃப்பாய் சோப், சலவைத் துண்டு. கம்பவுண்டர் பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்து, எவர்சில்வர் டப்பாவில் கண்ணாடி சிரிஞ்சையும் ஊசியையும் கொதிக்கவைப்பார். அந்தத் தண்ணீர் தளதளக்கும் ஓசை கேட்டதுமே அப்பத்தா, “வந்துட்டான்யா ஊசிக்காரன்” என்று முனகத் தொடங்கிவிடுவாள். எல்லாம் முடிந்ததும் தாத்தா வெற்றிலைத் தட்டில் பணத்தை வைத்து நீட்டுவார். டாக்டர் எண்ணிப் பார்க்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். வண்டிக்காரர் சங்கதி வேறு. அவர் வாசலிலேயே பேரத்தை ஆரம்பித்துவிடுவார். குதிரை வெயிலில் காத்து நின்ற நேரத்துக்கு எட்டணா சேர்த்துக் கேட்பார், வாங்காமல் நகரமாட்டார்.

எங்கள் பக்கம் வாடகைக்குச் சத்தம் என்றுதான் பெயர். வீட்டுக்கு வந்து பார்க்கும் மருத்துவம் ஏன் மறைந்தது, சில நாடுகளில் மட்டும் ஏன் திரும்ப வந்தது என்று சில வருஷங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ‘அந்தக் காலத்து டாக்டர்களுக்கு மனசு இருந்தது’ என்ற விளக்கத்தில் எனக்கிருந்த நம்பிக்கை போய்விட்டது. மனசு எல்லாக் காலத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்திருக்க வேண்டும். மாறியதெல்லாம் நோட்டின் இரண்டாவது வரி.

இந்த வரியை முதலில் சரியாகப் படித்தவர் பால் ஸ்டார் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். அமெரிக்க மருத்துவத் தொழிலின் வரலாறு பற்றி 1982இல் அவர் வெளியிட்ட நூலுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க நாட்டுப்புற டாக்டர்கள் வைத்தியத்துக்கு ஒரு கட்டணம், வழிக்கு மைல் கணக்கில் இன்னொரு கட்டணம் என்று வசூலித்தார்கள். கொஞ்சம் தள்ளியிருக்கும் பண்ணை வீடு என்றால் வழிக்கூலி வைத்தியக் கூலியைத் தாண்டிவிடும். நாள் முழுக்கக் குதிரை மேல் போனாலும் விரல் விட்டு எண்ணக்கூடிய நோயாளிகளைத்தான் பார்க்க முடியும். ஏழைக் குடியானவர்கள் டாக்டரைக் கூப்பிடாமலே இருந்ததற்கு வழிச்செலவு முக்கியமான காரணம் என்கிறார் ஸ்டார்.

பிறகு தொலைபேசி வந்தது. பதிவில் உள்ள மிகப் பழைய தொலைபேசி இணைப்பகங்களில் ஒன்று, 1877இல் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டில் ஒரு மருந்துக்கடையையும் 21 டாக்டர்களையும் இணைத்தது. ஆள் விட்டுத் தேடி, டாக்டர் இன்னொரு ஊருக்குப் போயிருக்கிறார் என்று திரும்பி வரும் வீண் அலைச்சல் அதோடு குறைந்தது. கார் வந்ததும் அதை முதலில் வாங்கியவர்களில் டாக்டர்கள் நிறைய. வழிக்கூலி சரிந்தது, ஒரு நாளில் பார்க்கும் வீடுகள் கூடின. ஆனால் அந்தக் காரை நோயாளியும் வாங்கினான். டாக்டர் வருவதற்கு ஆகும் அதே அரை மணியில் நோயாளியே போய்விடலாம் என்றால், யாருடைய அரை மணிக்கு விலை அதிகம் என்ற கேள்வி வருகிறது. அதற்கான பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

எண்களில் பார்த்தால் சரிவு செங்குத்தாக இருக்கிறது. 1930இல் அமெரிக்காவில் டாக்டரும் நோயாளியும் சந்தித்த சந்திப்புகளில் 40 விழுக்காடு நோயாளியின் வீட்டில் நடந்தது. 1950இல் அது 10 விழுக்காடு. 1980இல் 1 விழுக்காடுகூட இல்லை. எக்ஸ்ரே, இசிஜி, ரத்தப் பரிசோதனை என்று பெட்டிக்குள் அடங்காத கருவிகள் பெருகியதை எல்லோரும் காரணமாகச் சொல்வார்கள், அதில் உண்மை உண்டு. 1946இல் வந்த ஹில் பர்ட்டன் சட்டத்தின் பணத்தில் ஊர் ஊராக ஆஸ்பத்திரிக் கட்டடங்கள் எழுந்தன. காப்பீடு ஆஸ்பத்திரிப் படுக்கைக்குத் தாராளமாகக் கொடுத்தது. டாக்டர் சாலையில் ஓட்டிய மணி நேரத்துக்குத்தான் எந்தக் கணக்கிலும் தலைப்பு இல்லை.

இங்கே ஓர் ஓவியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லண்டன் டேட் காட்சியகத்தில் இருக்கும் ‘தி டாக்டர்’, லூக் ஃபில்ட்ஸ் 1891இல் தீட்டியது. இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்ட படுக்கையில் ஒரு குழந்தை. பக்கத்தில் தாடையில் கை வைத்துக் குனிந்து பார்த்தபடி டாக்டர். பின்னால் இருட்டில், மேசையில் தலை கவிழ்ந்த தாயும் அவள் தோளில் கை வைத்த தகப்பனும். 1877 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஃபில்ட்ஸின் மகனே இறந்துபோனான், அப்போது வந்து பார்த்த டாக்டரின் நினைவுதான் இந்தப் படம் என்பார்கள். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் நூற்றாண்டுக்கு 1947இல் அந்நாட்டு அஞ்சல் துறை இதைத் தபால்தலையாக்கியது. இரண்டு வருஷம் கழித்து, ஜனாதிபதி ட்ரூமன் எல்லோருக்கும் அரசுக் காப்பீடு கொண்டுவர முயன்றபோது, அதே சங்கம் இதே படத்தைச் சுவரொட்டியாக அச்சடித்து, இந்தக் காட்சிக்குள் அரசியல் நுழையக் கூடாது என்று எழுதி நாடு முழுக்க ஒட்டியது. வீட்டுக்கு வரும் டாக்டரைக் காப்பாற்றப்போவதாகச் சொன்ன அந்த நேரத்தில், நாற்பதாக இருந்த விழுக்காடு பத்தாகக் குறைந்திருந்தது. அந்தக் குடிசைக்கு வந்த டாக்டரின் வண்டிக்கு யார் கொடுத்தார்கள் என்று படத்தில் இல்லை. அந்தத் தகப்பனைப் பார்த்தால் கொடுக்கக் கூடியவனாகவும் தெரியவில்லை.

வண்டிச்சத்தத்தைக் கூச்சமில்லாமல் சட்டத்தில் எழுதிவைத்த நாடு ஜப்பான். அதனால் அங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்க விரும்புகிறேன்.

ஜப்பானிய மொழியில் டாக்டர் வீட்டுக்கு வருவதற்கு இரண்டு தனிச் சொற்கள் உண்டு. நோயாளி கூப்பிட்டு, டாக்டர் போனால் அது ‘ஓஷின்’. யாரும் கூப்பிடாமல், முன்பே போட்ட திட்டப்படி மாதத்தில் குறித்த நாள்களில் டாக்டரே போனால் அது ‘ஹோமொன் ஷின்ர்யோ’. முதலாவது பழைய வழக்கம். இரண்டாவது, 1980களின் நடுவில் படுத்த படுக்கையான முதியோருக்கென்று காப்பீட்டுக் கட்டணப் பட்டியலில் தனி வரியாக நுழைந்தது. பெயர் வைப்பதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். கூப்பிட்டால் வருவதற்கும், கூப்பிடாமல் வருவதற்கும் நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். கூப்பிட வேண்டுமென்றால் முதலில் ஒன்று கெட்டுப்போக வேண்டும். படுக்கைப்புண் வாடை அடிக்க வேண்டும், மூச்சு இழுக்க வேண்டும். அப்பத்தாவுக்கு டாக்டர் பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்ததால், முதுகில் தோல் சிவந்தபோதே பார்த்துவிட்டார். அது புண்ணாகவில்லை.

ஜப்பான் இந்த இடத்துக்கு வந்த பாதை நேர்க்கோடு கிடையாது. 1951இல் அந்நாட்டில் இறந்தவர்களில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்கள் வீட்டில்தான் இறந்தார்கள். 1973இல் எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு மருத்துவம் இலவசம் என்று அரசு அறிவித்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளும் வசதியும் இல்லாத முதியோருக்கு ஆஸ்பத்திரியே விடுதியானது. நோய்க்கென்று அல்லாமல் போக்கிடமின்றிப் படுக்கையில் மாதக்கணக்கில் இருப்பதை அங்கே ‘சமூகக் காரணச் சேர்க்கை’ என்று பெயரிட்டே அழைத்தார்கள். காத்திருப்பு அறையில் கூடியிருந்த கிழவிகளில் ஒருத்தி, “இன்றைக்கு அவளைக் காணோமே, உடம்புக்கு முடியலையோ?” என்று விசாரித்ததாக ஒரு பழைய ஜப்பானிய நகைச்சுவை உண்டு. 1976இல் மருத்துவமனையில் நிகழும் இறப்புகள் வீட்டில் நிகழ்வதை முந்தின. 2005இல் வீட்டில் இறந்தவர்கள் 12 விழுக்காட்டைச் சுற்றி வந்து நின்றார்கள். இலவசத் திட்டம் 1983இலேயே முடிந்துபோயிருந்தது. பழக்கம் மட்டும் போகவில்லை.

அரசு பயந்தது பணத்துக்காக. இதை மறைக்க வேண்டியதில்லை, அவர்களும் மறைக்கவில்லை. 1992இல் மருத்துவச் சட்டத்தைத் திருத்தி, நோயாளியின் வீடும் சிகிச்சை தரும் இடம்தான் என்று எழுதினார்கள். 2000 ஏப்ரலில் முதியோர் பராமரிப்புக் காப்பீடு வந்தது. நாற்பது வயதைத் தாண்டிய எல்லோரும் அதற்குச் சந்தா கட்டுகிறார்கள். வீட்டுக்கு வரும் உதவியாளர், நர்ஸ், பிசியோதெரபி எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும். பிரித்துக் கொண்டுவரும் குளியல் தொட்டியை வேனில் ஏற்றி வந்து, படுக்கையறையிலேயே பொருத்தி, மூன்று பேர் சேர்ந்து முதியவரை வெந்நீரில் குளிப்பாட்டிவிட்டுப் போகும் சேவைகூட இதில் உண்டு. படுக்கையில் கிடப்பவருக்கு ஈரத்துணியால் துடைத்துவிட்டே மூன்று வருஷம் ஓட்டிய வீட்டுக்காரன் என்ற முறையில், இந்த ஒன்றைப் படித்தபோதுதான் எனக்குப் பொறாமை வந்தது.

2006இல் இன்னொரு படி. வீட்டு மருத்துவத்துக்கென்று தனித் தகுதி பெற்ற கிளினிக்குகளை உருவாக்கினார்கள். 24 மணி நேரமும் எடுக்கப்படும் தொலைபேசி எண்ணை எழுத்தில் நோயாளிக்குக் கொடுக்க வேண்டும். நள்ளிரவிலும் டாக்டரோ நர்ஸோ போக ஏற்பாடு இருக்க வேண்டும். தேவைப்பட்டால் சேர்க்க ஒரு மருத்துவமனைப் படுக்கை பேசிவைத்திருக்க வேண்டும். எத்தனை பேரை வீட்டிலேயே வைத்துக் கடைசிவரை பார்த்தார்கள் என்று ஆண்டுதோறும் அரசுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். இந்த நிபந்தனைகளுக்கு ஈடாகக் கட்டணம் உயர்ந்தது. போய்ப் பார்க்கும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு தொகை. அது தவிர, அந்த நோயாளியின் பொறுப்பைச் சுமப்பதற்கென்று மாதக் கட்டணம். மாதம் ஒரு தடவை போனால் குறைவு, இரண்டு தடவை போனால் அதிகம். டாக்டர் போகாத நாள்களில் கைபேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவதற்கும் கூலி உண்டு என்று ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது.

கட்டணப் பட்டியலின் விதிகளில் வழி எப்படியெல்லாம் அளக்கப்படுகிறது என்று பார்ப்பது சுவாரஸ்யமானது. கிளினிக்கிலிருந்து 16 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் வீட்டுக்குப் போனால், தக்க காரணம் இருந்தாலொழியக் காப்பீடு தராது. வீட்டுக்கு வந்துபோகும் போக்குவரத்துச் செலவை நோயாளியின் வீட்டார் கொடுக்க வேண்டும், அதுவும் உண்மையாக ஆன செலவை மட்டும் என்று விதி சொல்கிறது. சைக்கிள், ஸ்கூட்டர் செலவு அதில் சேராது என்று ஒரு விளக்கமும் உண்டு. வண்டிச்சத்தம் என்ற வரியை அரசிதழ் மொழியில் படித்தபோது தாத்தாவும் வண்டிக்காரரும் வாசலில் நின்ற காட்சிதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

வழிக்குப் பணம் கொடுத்தால் வழியைச் சுருக்கிக்கொள்ளும் கெட்டிக்காரர்களும் வருவார்கள். வீடு வீடாக அலைவதைவிட, ஐம்பது முதியோர் தங்கியிருக்கும் இல்லம் ஒன்றைப் பிடித்தால் ஒரே பகலில் வரிசையாகப் பார்த்துவிட்டு ஐம்பது வீட்டுக்குப் போன கட்டணத்தை வாங்கலாம். இல்லவாசிகளை டாக்டருக்கு மொத்தமாகப் பிடித்துக்கொடுத்துக் கமிஷன் வாங்கும் தரகர்கள் முளைத்தார்கள். செய்தித்தாள்களில் அம்பலமானதும் 2014 கட்டணத் திருத்தத்தில் அரசு ஒரே வெட்டாக வெட்டியது. ஒரே கட்டடத்தில் பலரைப் பார்த்தால் கட்டணம் ஏறத்தாழ கால் பங்கு. 2024 திருத்தத்தின்படி தனி வீட்டுக்குப் போனால் 890 புள்ளி, ஒரே கட்டடத்தில் பலர் என்றால் 215 புள்ளி. ஒரு புள்ளிக்கு 10 யென். இரண்டு இடத்திலும் நாடி பார்க்கும் வேலை ஒன்றுதான், நோயும் ஒன்றுதான். நடுவில் உள்ள வித்தியாசம் முழுவதும் சாலை. இந்த வெட்டில், உண்மையாகவே இல்லங்களில் நல்ல வேலை செய்துகொண்டிருந்த சில கிளினிக்குகளும் அடிபட்டன என்ற புகார் அங்கே உண்டு. அது நியாயமான புகார் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஜப்பானிய வீட்டு மருத்துவத்தின் மூதாதை என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் வகாட்சுகி தொஷிகாசுவைச் சொல்வேன். போர் முடியும் தறுவாயில், 1945இல் நாகானோ மலைநாட்டில் உள்ள சாகு மருத்துவமனைக்கு வந்த அறுவைச் சிகிச்சை நிபுணர் அவர். நோயாளிகள் முற்றிய பிறகே வருவதைப் பார்த்து, மருந்துப் பெட்டியோடு கிராமங்களுக்குக் கிளம்பினார். பகலில் வைத்தியம், இரவில் நாடகம். வயிற்றுப் புழு, வயல்வேலையின் வலிகள் என்று மருத்துவத்தைக் கதையாக்கி எழுதி, டாக்டர்களும் நர்ஸ்களுமே வேஷம் கட்டி நடித்தார்கள். 1976இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. கட்டணப் பட்டியலில் வரி ஏறுவதற்கு முப்பது நாற்பது வருஷம் முன்னாலேயே கிளம்பிப் போனவர் என்பதால், என் வண்டிச்சத்தக் கொள்கைக்கு அவர் இடைஞ்சலான ஆள். ஒரு வகாட்சுகி கிளம்புவதற்குக் கணக்கு வேண்டாம். அவருக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான சாதாரண டாக்டர்கள் கிளம்பக் கணக்கு வேண்டியிருந்தது.

டாக்டர் வீட்டுக்குள் வந்தால் என்ன கிடைக்கிறது? ஜப்பானில் இதற்கும் ஒரு சொல் இருக்கிறது: ‘ஸான்யாகு’, மிச்சமாகிப்போன மருந்து. மேசை இழுப்பறையைத் திறந்தால் மூன்று கிளினிக்குகள் கொடுத்த மாத்திரைப் பைகள் பிரிக்காமலே கிடக்கும். அதனால் பல வீடுகளில் சுவரில் ஒரு துணி நாள்காட்டி தொங்குகிறது. கிழமைக்கு ஒரு வரிசை, காலை, மதியம், இரவு, படுக்கும்போது என்று நாலு ஒளி ஊடுருவும் பைகள். வரும் டாக்டர் நாடி பார்ப்பதற்கு முன் சுவரைப் பார்த்துவிடுவார். செவ்வாய் இரவுப் பை நிறைந்திருந்தால் செவ்வாய் இரவு என்ன நடந்தது என்று பேச்சு தொடங்கும்.

எங்கள் வீட்டில் அந்த நாள்காட்டிக்குப் பதில் பிஸ்கட் டப்பா. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்ட பிறகு, மதுரையில் தெரிந்த டாக்டர் ஒருவர் ஒருநாள் மாலை நட்புக்காக வந்தார். காபி குடித்துக்கொண்டே டப்பாவை மடியில் கவிழ்த்தார். ஒவ்வோர் அட்டையாகத் திருப்பிப் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த மருந்துப் பெயரைப் படித்தார். பிறகு இரண்டு அட்டைகளை மட்டும் எடுத்துத் தனியே வைத்தார். ஒன்று பச்சை, ஒன்று வெள்ளை. இரண்டும் அம்லோடிபின். இரண்டு கம்பெனி, இரண்டு பெயர். ரத்த அழுத்தத்துக்கு ஒரு டாக்டர் எழுதியதையும், அதையே வேறு பெயரில் இன்னொருவர் எழுதியதையும் அம்மா நாலு மாதமாகச் சேர்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கால் வீங்கியிருந்ததற்கு மூன்றாவது டாக்டர் நீர் பிரியும் மாத்திரை எழுதியிருந்தார். காபி ஆறுவதற்குள் மூன்றில் இரண்டு மாத்திரைகள் நின்றன. இந்த நாலு மாதத்தில் நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இல்லை. டப்பாவைக் கொண்டுபோகத் தோன்றவில்லை. சீட்டைத்தான் கொண்டுபோனோம்.

அந்தப் போக்குவரத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ‘ரிவ்யூ’. 108 வண்டி அவசரத்துக்கு. மறுபரிசோதனை அவசரம் ஆகாது. தனியார் ஆம்புலன்ஸ் போக வர 2,500 ரூபாய். மாடியிலிருந்து இறக்க இரண்டு ஆள். ஸ்ட்ரெச்சரில் வராந்தாவில் மூன்று மணி நேரம். உள்ளே டாக்டர் பார்ப்பது நாலு நிமிஷம், அவரைக் குறை சொல்ல மாட்டேன், வெளியே இன்னும் அறுபது பேர். திரும்பி வந்து இறங்கியதும் டிரைவர் காத்திருந்த நேரத்துக்கு 500 ரூபாய் சேர்த்துக் கேட்டார். எட்டணா ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம்.

வண்டிச்சத்தம் ஒழிந்துபோகவில்லை. டாக்டரின் பக்கத்திலிருந்து நோயாளியின் பக்கம் மாறியதுதான் நடந்தது. எந்த ஆஸ்பத்திரியின் வரவுசெலவிலும், எந்தச் சுகாதாரத் துறையின் ஆண்டறிக்கையிலும் அந்த 2,500 வராது. லீவு போட்ட என் ஒருநாள் சம்பளமும் வராது.

அமெரிக்காவில் இதைக் கணக்கில் கொண்டுவரும் முயற்சிகள் நடந்தன. முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவத் துறை 1970களிலிருந்தே டாக்டர், நர்ஸ், சமூகப் பணியாளர் கொண்ட குழுக்களை வீடுகளுக்கு அனுப்பிவருகிறது. ஆஸ்பத்திரியும் அதனுடையதே, வீட்டுப் பயணமும் அதனுடையதே என்பதால் ஒரு பக்கம் மிச்சமானது இன்னொரு பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தனித்தனிக் கடைகளாக இருக்கும் இடத்தில் இது நடப்பதில்லை. வீட்டுக்குப் போகும் டாக்டர் நஷ்டப்படுவார், லாபம் காப்பீட்டுக்குப் போகும். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 2012இல் தொடங்கிய ஒரு சோதனைத் திட்டம் அந்த லாபத்தில் டாக்டருக்குப் பங்கு தர முன்வந்தது. இரண்டோ அதற்கு மேலோ நாள்பட்ட நோய்கள், முந்திய ஓராண்டுக்குள் ஆஸ்பத்திரியில் படுத்தவர், அன்றாடக் காரியங்களுக்கு ஆள் துணை தேவைப்படுபவர் என்று மிகவும் நலிந்தவர்களை மட்டும் அதில் சேர்த்தார்கள். முதல் ஆண்டில் ஒரு நோயாளிக்குச் சராசரியாக 3,070 டாலர் மிச்சம் என்று அறிவித்தபோது பெரிய கைதட்டல். பின்னர் ஒப்பீட்டுக் குழுவோடு வைத்துப் பார்த்த மதிப்பீட்டாளர்கள், அது உறுதியாகத் திட்டத்தின் பலன்தான் என்று சொல்லும் அளவுக்குப் புள்ளிவிவரம் இல்லை என்றார்கள். வீட்டு மருத்துவத்தை ‘செலவு மிச்சம்’ என்று மட்டுமே விற்பவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்கலாம் என்று இதைப் படித்தபின் தோன்றியது.

வீட்டுக்குப் போவதில் டாக்டர்கள் பக்கத்துச் சிரமங்களும் உண்டு. இங்கிலாந்தில் 2019 நவம்பரில் குடும்ப டாக்டர்களின் பிரதிநிதிகள் கூடி, வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் கடமையைத் தங்கள் ஒப்பந்தத்திலிருந்தே நீக்கக் கோரித் தீர்மானம் போட்டார்கள். அரசு ஒப்பவில்லை. ஜப்பானில் 2022 ஜனவரியில் சைதாமா மாகாணத்து ஃபுஜிமினோவில், இறந்துபோன மூதாட்டியின் வீட்டுக்கு மறுநாள் துக்கம் விசாரிக்கப் போன டாக்டரை அவள் மகன் சுட்டுக் கொன்றான். அந்த ஊரில் நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு அவர்தான் போய்க்கொண்டிருந்தார். அடுத்தவர் வீட்டு நடைக்குள் தனியே நுழையும் பெண் நர்ஸுகளின் பாதுகாப்பு அதற்குப் பிறகு அங்கே இன்னும் பெரிய பேச்சானது. வீடு என்றால் எப்போதும் வெந்நீரும் சலவைத் துண்டும் காத்திருக்கும் இடம் என்று நானும் எழுதிக்கொண்டே போகக் கூடாது.

நமக்குப் பக்கத்தில், கேரளத்தில், வழி வேறுமாதிரி திறந்தது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் எம். ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் என்ற இரு டாக்டர்களும் நண்பர்களும் வலி தணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். புற்றுநோயாளிகள் பலரால் வெளிநோயாளர் பிரிவுக்கு வரவே முடியவில்லை, அதனால் வீட்டுக்குப் போனார்கள். மலப்புறம் பக்கம் அது ஊர்க்காரர்களின் வேலையாக மாறியது. கடைக்காரர், ஆசிரியர், ஆட்டோ ஓட்டுபவர் என்று பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் வாரத்தில் சில மணி நேரம் கொடுத்தார்கள், கடைகளில் உண்டியல் வைத்துச் சில்லறை சேர்த்தார்கள். 2008இல் மாநில அரசு இதைக் கொள்கையாக ஏற்று, உள்ளாட்சிகளின் பொறுப்பில் விட்டது. இன்று பஞ்சாயத்து வண்டியில் நர்ஸ் போகிறார். சிறுநீர்க் குழாய் மாற்றுவது, புண்ணுக்குக் கட்டுப்போடுவது, மார்பின் மாத்திரை எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பது எல்லாம் அவர் கையில். டாக்டர் தேவைப்பட்டால், அல்லது அவருக்கான நாளில். சந்தா கட்டும் காப்பீடு இல்லாத ஓர் இடத்தில் வண்டிச்சத்தத்தை ஊரே பிரித்துக்கொண்டது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களைக் கண்டுபிடித்து மாத்திரையை வாசலில் கொடுப்பது, பிசியோதெரபி, நோய் தணிப்பு நர்ஸ், வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கான திரவப் பைகள் என்று விரிந்த திட்டம். தொற்றா நோய்த் தடுப்புக்கான ஐ.நா. விருது 2024இல் இதற்குக் கிடைத்தது. தகுதியான விருதுதான். மாத்திரை வாங்கக் காலையில் பஸ் ஏறி, ஒருநாள் கூலியை இழந்து, அலுத்துப்போய்ப் பாதியில் நிறுத்தியவர்களின் ஊர் இது. அந்தப் பயணத்தை அரசு தன் கணக்கில் எடுத்துக்கொண்டது. பெயரைக் கவனமாகத்தான் வைத்திருக்கிறார்கள். தேடி வருவது மருத்துவம். மருத்துவர் என்று சொல்லவில்லை. நிலைத்துவிட்ட நோய்க்கு அது போதும், பெரும்பாலானவர்களுக்கு நிலைத்த நோய்தான். மாத்திரையை மாற்ற வேண்டிய அன்று, அளவைக் குறைக்க வேண்டிய அன்று, வலது கை தூக்க முடியாத ஒருத்தி இனி எதைச் சாப்பிட வேண்டாம் என்று யாராவது தீர்மானிக்க வேண்டிய அன்று, மறுபடியும் ஸ்ட்ரெச்சர்தான். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ நெறிமுறைகள் இந்த இடைவெளியில் பாதியை அடைக்கக்கூடும். நர்ஸ் பக்கத்தில் நின்று கைபேசியைக் காலருகே பிடித்தால் வீக்கம் தெரியும். பிஸ்கட் டப்பாவை யார் கவிழ்ப்பது என்பது அப்போதும் இருக்கும்.

போன மாதம் எங்கள் தெருவுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலர் அம்மாவுக்கு பிரஷர் பார்த்தார். 170க்கு 100. இரண்டாவது தடவையும் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கைபேசியில் பதிந்துகொண்டார்.

“பாட்டிம்மா, இந்த வாரத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்கு வந்து டாக்டரைப் பாத்துருங்க. மாத்திரைய மாத்தணும். அது என் கையில இல்ல.”

அம்மாவுக்குப் பேச்சு இன்னும் குழறும். கொஞ்ச நேரம் வாசலில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த டாக்டரத் தூக்கி ஒன் வண்டியில பின்னாடி வச்சுக் கூட்டிட்டு வந்துரும்மா. சத்தம் நான் குடுக்குறேன்.”

சத்தம் என்றால் என்னவென்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.